லெட்டர்பேடு அரசாங்கத்தோடது, கமிஷன் யாரோடது?

கேள்வி: அரசாங்கத்துக்கு வரவேண்டிய பாக்கி எல்லா டிபார்ட்மென்ட்லயும் மலை மாதிரி நிக்குது. பேங்க்காரங்க மாதிரி தனியார் வசூல் ஏஜென்சிகிட்ட தூக்கி குடுத்துட்டா ஆறே மாசத்துல வந்துடாதா? அமெரிக்காவுல மாநில அரசுங்களே அப்படித்தானே பண்றாங்க, நமக்கு மட்டும் என்ன தயக்கம்? – வாசகர், ஈரோடு

பதில்: பண்றாங்கதான் சார். எப்படி பண்றாங்கன்னும் சேத்தே பாத்துடுவோம்.

ஓஹாயோ மாநிலத்தை எடுத்துக்குங்க. அங்க வரி பாக்கியோ, அரசு யுனிவர்சிட்டி ஃபீஸோ, அரசு ஆஸ்பத்திரி பில்லோ, கட்டாம கெடந்தா ஃபைல் மாநில அரசோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் ஆபீசுக்கு போயிடும், அங்கேருந்து ஒரு பங்கு வெளி வக்கீலுங்க கைக்கு போகும். இந்த வக்கீல் அனுப்புற கடிதாசில தலைப்புல அட்டர்னி ஜெனரல் ஆபீஸ் பேரு, அடியில கையெழுத்து மட்டும் தனியார் வக்கீலோடது. ஆஸ்பத்திரி பில்லு கட்ட முடியாம நிக்கிறவன் கடைசி வரைக்கும் படிச்சு இவரு வெளியாளுன்னு தெரிஞ்சுக்குவானா, இல்ல தலைப்பை பாத்ததுமே வெலவெலத்துப் போவானா? இது ஏமாத்து வேலைன்னு கேஸ் போட்டாங்க, அப்பீல் கோர்ட்ல கேஸ் போட்டவங்களுக்கு சாதகமா வந்துது, ஆனா 2016 மே மாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல ஒருமனதா தள்ளிட்டாங்க. தீர்ப்பு எழுதினது நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். அட்டர்னி ஜெனரல் சொல்லித்தான் அந்த லெட்டர்பேடு, அவருக்காகத்தான் வசூல், கீழ யாருன்னு தெளிவா போட்டிருக்கு, இதுல பொய் எங்க இருக்குன்னு கேட்டாங்க. சட்டப்படி சரியா இருக்கலாம். ஆனா வசூலுக்கு வேலை செஞ்சது எது, வக்கீலோட கெட்டிக்காரத்தனமா, தலைப்புல இருந்த பேரா?

அடுத்து கமிஷன். அரசாங்கத்துக்கு பைசா செலவில்லன்னு சொல்லித்தான் இதை விப்பாங்க. டெக்சாஸ்ல கோர்ட் அபராதம் 60 நாளைக்கு மேல பாக்கி நின்னு ஏஜென்சிகிட்ட போச்சுன்னா, பாக்கிக்கு மேல 30 சதவீதம் கடன்காரன் தலையிலயே ஏத்தலாம், 200 டாலர் கட்ட வழியில்லாதவன் 260 கட்டணும். ஃபுளோரிடாவுல சட்டம் 40 சதவீதம் வரைக்கும் விடுது. 200-க்கே வழியில்லன்னுதான ஏஜென்சிகிட்ட போச்சு, அப்புறம் 260 எங்கேருந்து வரும்னு யாரும் கேக்கறதில்ல.

அமெரிக்க மத்திய வரித்துறையும் இதை விடலை. 1996-ல ஒரு தடவை, 2006-ல ஒரு தடவை ஆரம்பிச்சு ரெண்டையும் நிறுத்தினாங்க, 2017-ல மூணாவது தடவை. அதுலயும் 2019-ல ஒரு சட்டம் போட்டு, வருமானம் கம்மியா இருக்கிறவங்க ஃபைலை ஏஜென்சிக்கு அனுப்பக்கூடாதுன்னு அந்த ஊர் பார்லிமென்டான காங்கிரஸே தடுக்க வேண்டியதாச்சு. ஏன்னா கமிஷனுக்கு ஓடுறவன் எங்க சுலபமோ அங்கதான் போவான். ஃபோனை எடுத்து பயப்படுற ஆளு, ஸ்டே வாங்க வக்கீல் வெக்க முடியாத ஆளு, இவங்கதான் சுலபம். ஸ்டே வாங்கி வெச்சிருக்கிற பெரிய மில்லுக்காரர்கிட்ட எந்த ஏஜென்சி பையன் போய் நிப்பான்?

அதுக்காக சர்க்கார் ஆளே வசூலிச்சா யோக்கியம்னு நான் சொல்ல வரல. நம்ம மெட்ராஸ் மாகாணத்துலயே ரெவின்யூ ஆளுங்க நில வரிக்காக ரயத்துங்க விரலுக்கு கிட்டி போட்டு நெறிச்ச கதையெல்லாம் 1855 சித்திரவதை கமிஷன் ரிப்போர்ட்ல பக்கம் பக்கமா இருக்கு, போட்டவங்க அத்தனை பேரும் சர்க்கார் சம்பளக்காரங்கதான். ஆனா சர்க்கார் ஆளு தப்பு பண்ணா கேக்க ஒரு மேலதிகாரி, ஒரு கமிஷன், ஒரு சட்டசபைன்னு ஏதோ ஒண்ணு இருக்கு. ஏஜென்சிக்காரன் பண்ணா "அது கான்ட்ராக்டர் ஆளுங்க"ன்னு டிபார்ட்மென்ட் கைய விரிச்சுடும், துப்புரவு வேலைலேருந்து பார்க்கிங் டோக்கன் வரைக்கும் நாம பாக்காததா?

இன்னொண்ணு, பேங்க் மாதிரின்னு சொல்றீங்களே, அதே பேங்க் ஏஜென்டுங்க காலையில எட்டு மணிக்கு முன்னாடி, ராத்திரி ஏழு மணிக்கு மேல ஃபோன் பண்ணக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022-ல சர்க்குலர் போட வேண்டி வந்துச்சு. நம்ம சட்டசபையிலயே 2025-ல கடன் வசூல் மிரட்டலுக்கு எதிரா மசோதா நிறைவேத்தினாங்க. ஒரு கையால அந்த சட்டத்தை போட்டுட்டு இன்னொரு கையால அதே ஆளுங்களுக்கு சர்க்கார் லெட்டர்பேடு குடுக்கணுமா?

சொல்லப்போனா நம்மகிட்ட அதிகாரத்துக்கு பஞ்சமே இல்ல. 1864-ல போட்ட வருவாய் வசூல் சட்டம் இன்னிக்கும் உயிரோடதான் இருக்கு, தாசில்தார் நோட்டீஸ் ஒட்டி ஜப்தி பண்ணலாம். பண்ணாதது ஆள் பத்தாமயா, யாரை ஜப்தி பண்ணக்கூடாதுன்னு ஃபோன் வர்றதாலயான்னு ஏதாவது தாலுகா ஆபீஸ்ல டீ வாங்கி குடுத்து கேட்டுப் பாருங்க.

இவ்வளவுக்கும் அப்புறம் டெண்டர் விட்டே ஆகணும்னா அதுல ரெண்டு வரி சேக்கச் சொல்லுங்க. ஒண்ணு, கமிஷன் கஜானாவுலேருந்து போகணும், கடன்காரன் கணக்குல ஏறக்கூடாது. ரெண்டு, பாக்கிதாரங்க பட்டியல்ல பெரிய தொகைலேருந்துதான் வசூல் ஆரம்பிக்கணும். இந்த ரெண்டு வரியோட எத்தனை ஏஜென்சி டெண்டர் போடுதுன்னு பாத்துட்டு எனக்கு எழுதுங்க.