வாசகர் தரும் ஐந்து, பத்து வெள்ளியை (ரிங்கிட்டை)க் கொண்டு ஒரு படைப்பு முயற்சியை நடத்தி வளர்க்க முடியுமா?

நடத்த முடியும், அதை நம்பி வேலையை விட முடியாது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், கையில் ஏதோ ஒரு தொடர் பாதி உருவாகியிருக்கிறது, விளம்பரம் தருபவர் பின்னால் அலைய மனமில்லை, வாசகரிடம் கேட்கவோ கூச்சமாக இருக்கிறது என்று ஊகிக்கிறேன். அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பினாங்குக்காரன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஜார்ஜ்டவுனில் தமிழர் செய்துவந்த பழைய தொழில்களைப் பற்றி, 2021 முதல் மாதம் எட்டுப் பக்கப் படக்கதையாக வரைந்து வெளியிட்டு வருகிறேன். முந்நூறு பிரதி அச்சடிக்க 480 வெள்ளி, தபாலுக்கு 90 வெள்ளி. தொடக்கத்தில் கடைசிப் பக்கத்தில், ‘நம் வரலாறு வாழக் கைகொடுங்கள்’ என்று ஒரு வேண்டுகோளும் வங்கிக் கணக்கு எண்ணும் போட்டேன். மூன்று மாதங்களில் வந்தது 65 வெள்ளி. அதில் ஐம்பது என் அக்கா போட்டது.

நான்காம் மாதம் வரலாற்றை விட்டுவிட்டு விலையைச் சொன்னேன். ‘அடுத்த இதழ், துணி வெளுக்கும் துறையான தோபி காட்டைப் பற்றியது. அச்சும் தபாலும் 570 வெள்ளி. 57 பேர் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டால் செலவு அடைந்துவிடும்; மிஞ்சினால் அதற்கடுத்த இதழுக்கு.’ இவ்வளவுதான் எழுதினேன். 38 பேர் 410 வெள்ளி அனுப்பினார்கள். குறைந்த 160 வெள்ளியை நான் போட்டேன் என்பதையும், அச்சகத்தின் பில்லையும் அடுத்த இதழில் அப்படியே வெளியிட்டேன். அன்று முதல் கடைசிப் பக்கத்தில் கால்வாசி கணக்குக்குத்தான்.

ஒருமுறை வரைபலகைக்குப் புதிய பேனா வாங்கிய அறுபது வெள்ளியையும் அந்தக் கணக்கில் எழுதிவிட்டேன். ‘உங்கள் பேனாவுக்கு நாங்கள் ஏன் தர வேண்டும்?’ என்று ஒரு வாசகர் கேட்டார். அன்று கோபம் வந்தது. ஆனால், அச்சுக்கும் தபாலுக்கும் என்று கேட்டு வாங்கிய பணம் அது என்பதால், மறுமாதமே அந்தத் தொகையைத் திருப்பி வைத்தேன். அவர் இன்றும் மாதம் ஐந்து வெள்ளி போடுகிறார். நீங்கள் எதற்காகக் கேட்கிறீர்களோ அதற்கு மட்டுமே செலவிடுங்கள்; உங்கள் உழைப்புக்கும் கூலி வேண்டுமென்றால் அதையும் முதலிலேயே தொகையாகச் சொல்லிக் கேளுங்கள், தவறே இல்லை.

தோபி காட் இதழ் வந்த வாரத்தில் ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் தம் தகப்பனாரோடு துணி வெளுத்தவர். “தம்பி, அஞ்சு வெள்ளி போட்டிருக்கேன். ஆனா கல்லைப் படுக்கப்போட்டு வரைஞ்சிருக்கீங்க. சரிவா இருக்கணும்யா, இல்லாட்டி தண்ணி எங்க வடியும்?” என்றார். தொகுப்பு நூலுக்கு அந்தப் பக்கத்தை மீண்டும் வரைந்தேன். ஐந்து வெள்ளி போட்ட உரிமையில்தான் அவர் அழைத்தார் என்று நினைக்கிறேன். இலவசமாகப் படித்திருந்தால் மனத்துக்குள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

‘நம்மவர்கள் கொடுக்க மாட்டார்கள்’ என்று உங்களிடமும் பலர் சொல்வார்கள். வெள்ளைக்காரர்களின் ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், 1960இல் அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தவர்கள் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள்தாம். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. கெடாவில் தோட்டத்தில் இருந்த என் தாத்தாவும் கட்டினார். அது முதலீடு, இது நன்கொடை, இரண்டும் ஒன்றாகுமா என்று யாராவது திருத்த வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: ஒன்றல்ல. பத்து வெள்ளியாகச் சேர்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதற்காக மட்டுமே சொன்னேன். இதைப் பிச்சை என்று சொன்ன என் மாமாவே, கல்யாண மண்டபத்தில் மொய் நோட்டில் தம் பெயரும் தொகையும் சரியாக ஏறியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவர்.

பெரிய மனிதர்களின் உறைகளை நம்பாதீர்கள் என்பதை மட்டும் சூடுபட்டவனாகச் சொல்கிறேன். முதல் தொகுப்பு நூலுக்கு நம் வழக்கப்படி வெளியீட்டு விழா வைத்தோம். முதல் நூலைப் பெற்றுக்கொண்ட பிரமுகர் மூவாயிரம் வெள்ளி தருவதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார், மண்டபம் கைதட்டியது, நானும் அதை நம்பி மறுநாளே கூடுதலாக 500 பிரதிகளுக்கு அச்சகத்தில் சொல்லிவிட்டேன். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. அச்சகத்துக் கடனை அடைக்க எனக்குப் பதினொரு மாதம் ஆயிற்று.

இனி, பணம் எந்த வழியில் வருகிறது என்பது. 2013இல் தொடங்கப்பட்ட பேட்ரியான் போன்ற, படைப்பாளிகளுக்கு ஆதரவாளர்கள் பணம் தரும் இணையத்தளங்கள் மாதந்தோறும் தாமாகவே தொகையைப் பிடித்துத் தருகின்றன, அது வசதிதான். ஆனால் அட்டைவழிக் கட்டணத்தில் விழுக்காட்டோடு ஒரு நிலையான தொகையும் கழிவதால், தொகை சிறியதாக ஆக ஆகக் கழிவு கடிக்கும். 2017 டிசம்பரில் அந்தத் தளம், ஒவ்வொரு நன்கொடைக்கும் 2.9 விழுக்காட்டோடு 35 சென்ட் சேர்த்து ஆதரவாளரிடமே வாங்கப்போவதாக அறிவித்தது. ஒரு டாலர் தருபவர் ஏறக்குறைய 1.38 டாலர் தர வேண்டியிருந்திருக்கும். பல படைப்பாளிகளுக்கு ஒற்றை டாலர் தந்துவந்தவர்கள் விலகத் தொடங்கவே, எதிர்ப்பு வலுத்து, சில நாள்களில் திட்டத்தைக் கைவிட்டார்கள். என் வாசகர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள்; அட்டை எண்ணைக் கேட்டாலே தயங்குவார்கள். ஆகவே 2019இல் இங்கு வந்த டுயிட்நாவ் கியூஆர் குறியீட்டையே வைத்துக்கொண்டேன். எந்த வங்கிச் செயலியிலிருந்து அனுப்பினாலும் ஐந்து வெள்ளி ஐந்து வெள்ளியாகவே வந்து சேருகிறது. குறை என்னவென்றால், ஒவ்வொரு மாதமும் அவர்களாக நினைவு வைத்து அனுப்ப வேண்டும்; நான் பேசாமல் இருந்தால் பணமும் பேசாமல் இருந்துவிடும்.

அப்படி ஒருமுறை இருந்தேன். அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது மூன்று மாதம் இதழ் வரவில்லை, ஒரு வரி அறிவிப்பும் எழுதவில்லை. 64 ஆக இருந்த ஆதரவாளர் எண்ணிக்கை, திரும்பி வந்தபோது 41. காரணத்தைச் சொல்லியிருந்தால் காத்திருப்பார்கள் என்று பிறகு சிலர் கோபித்துக்கொண்டார்கள். மீண்டும் அறுபதைத் தொட ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

வரிக் கழிவுக்கு ரசீது கேட்பவர்களும் வருவார்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குத் தருவதற்கே அந்தச் சலுகை உண்டு, தனியாளான உங்களுக்கோ எனக்கோ தருவதற்கு இல்லை என்பதை ஒரு வரியில் அச்சிட்டுவிடுங்கள்.

முதல் மூன்று இதழ்களை உங்கள் காசிலேயே கொண்டுவந்துவிட்டுப் பிறகு கேளுங்கள். குறியீட்டை அச்சுக்கு அனுப்பும் முன் இரண்டு மூன்று கைப்பேசிகளில் பிடித்துப் பாருங்கள். நான் அழகுக்காகக் கோலப் பின்னணியில் சிறியதாகப் போட்டு, எந்தச் செயலியும் அதைப் படிக்காமல், அம்மாவும் நானும் விடிய விடியச் சமையலறை மேசையில் உட்கார்ந்து முந்நூறு பிரதியிலும் ஸ்டிக்கர் ஒட்டினோம். அந்த ஸ்டிக்கருக்கான 45 வெள்ளியைக் கணக்கில் எழுதவில்லை.