'நான் சொல்லலை, சொல்றாங்க' என்று போட்டால் தப்பிக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். 2007இல் பெற்றோருடன் போர்ச்சுக்கலுக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் காணாமல் போன பிரிட்டிஷ் சிறுமி மேடலின் மெக்கேன் பற்றித் தமிழில் யூடியூப் வீடியோ போட்டேன். அங்கே பக்கத்தில் குடியிருந்த ஒருவரைக் காட்டி, 'இவரும் குற்றவாளி என்று சொல்கிறார்கள், நான் சொல்லவில்லை' என்றேன். இப்போது அவர் சார்பில் என்று ஒரு மின்னஞ்சல்: 7 நாளில் 4,000 பவுண்டு கட்டு, இல்லாவிட்டால் வழக்கு. தெரிந்த ஒருவர் 600 பவுண்டு கொடுத்தால் பேசி முடித்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி, அந்த 600 பவுண்டை முதலில் பையிலேயே வையுங்கள். 4,000மும் இப்போதைக்கு வேண்டாம். வீடியோவை இன்று இரவே வேறு யாரும் பார்க்க முடியாதபடி மாற்றுங்கள், ஆனால் அழித்துவிடாதீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், என்றைக்கு ஏற்றினீர்கள் என்ற பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். அவதூறு வழக்குக்குக் கெடு பொதுவாக ஒரு வருடம்தான். அவர் பெயருக்குப் பெரிய சேதம் வந்தது என்றும் அவர்தான் காட்டியாக வேண்டும். இரண்டுக்கும் அந்தப் பக்கம் உதவும்.

சரி, உங்கள் 'சொல்கிறார்கள்'. அது கேடயமே இல்லை. இன்னொருவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாலும் நீங்களே சொன்ன மாதிரிதான் இங்கிலாந்துச் சட்டம் பார்க்கும். 2012இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் அன்றைய சபாநாயகரின் மனைவி, பொய்யான வதந்தியில் அடிபட்ட ஒரு பிரபுவைப் பற்றி ட்விட்டரில், 'இவர் பெயரை ஏன் எல்லாரும் பேசுகிறார்கள்?' என்று கேட்டு, ஒன்றும் அறியாத முகம் என்று பக்கத்தில் போட்டார். அவ்வளவுதான். அடுத்த வருடமே அது அவதூறு என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் வீடியோவில் எனக்கு நிஜமாகவே எரிச்சல் வந்த இடம் வேறு. போர்ச்சுக்கல் போலீஸ் அந்த மனிதரை 'அர்கீது' என்று அறிவித்ததை நீங்கள் 'குற்றவாளி' என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்குச் சந்தேகத்தின் பேரில் விசாரிக்கப்படுகிறவர் என்றுதான் அர்த்தம்; அந்த நிலை வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கவும் வக்கீல் வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. 2007இல் குழந்தையின் பெற்றோரையே அர்கீது ஆக்கினார்கள், 2008 ஜூலையில் நீக்கினார்கள். அந்தப் பெற்றோர் மேல் பழி போட்டு எழுதித் தள்ளிய பத்திரிகை நிறுவனம் ஒன்று அதே வருடம் 5,50,000 பவுண்டு கட்டி, முதல் பக்கத்தில் மன்னிப்பும் போட்டது.

'என் கருத்து' என்று சொன்னால் போதாதா என்பீர்கள். போதும், ஆனால் எப்போது என்று கேளுங்கள். உண்மையில் நடந்த ஒன்றின் மேல், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று பார்ப்பவருக்குத் தெரிகிற மாதிரி, நேர்மையான ஒருவர் வைத்திருக்கக்கூடிய அபிப்பிராயமாக இருக்க வேண்டும். '2007 மே 3 இரவு பெற்றோர் சற்றுத் தள்ளி விடுதி உணவகத்தில் இருந்தார்கள், பிள்ளைகள் அறையில் தனியே தூங்கின, அது கவனக்குறைவு' என்றால் அது கருத்து, தாராளமாகச் சொல்லலாம். 'ஆகவே பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கியிருப்பார்' என்றால் அது கருத்து இல்லை தம்பி, ஓர் ஆள் மேல் குற்றச்சாட்டு. இதற்கு நடுவில் 'எனக்குத் தோன்றுகிறது' என்பதை நுழைத்துவிட்டால் மாறிவிடும் என்று நம்பி வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது.

இனி அந்த மின்னஞ்சல். உண்மையான வக்கீல் கடிதம், எந்த வாக்கியம், அதன் பொருள் என்ன, அதில் எது பொய், என்ன சேதம் என்று வரிவரியாகச் சொல்லும், பதிலுக்கும் பொதுவாக 14 நாள் தரும். உங்களுக்கு வந்ததில் வீடியோவின் ஒரு வரிகூட இல்லை, கீழே வங்கிக் கணக்கு எண் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அனுப்பியவர் பெயரையும் 'பேசி முடிக்கும்' நண்பர் பெயரையும் வக்கீல்களை (சொலிசிட்டர்களை) ஒழுங்குபடுத்தும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி தளத்தில் தேடுங்கள், காசு இல்லை. நண்பர் அதில் இருக்கமாட்டார் என்பது என் ஊகம். இந்த ஆட்கள் பிழைப்பதே அவதூறு வழக்குக்கு அரசு சட்ட உதவி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருப்பதால்தான். ஒரு மணி நேர ஆலோசனைக்கே நூற்றுக்கணக்கில் கேட்டால் சாமானியன் எங்கே போவான்?

பெயர் தேடி ஆள் உண்மை என்றால், 'கடிதம் கிடைத்தது, வீடியோவைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டேன், எந்தச் சொற்கள் என்று குறிப்பிடுங்கள்' என்று மட்டும் எழுதுங்கள். மன்னிப்பு, பணம், 'அப்படி நினைக்கவில்லை' எதுவும் வேண்டாம். அப்புறம், கையில் நிஜமாகவே ஏதாவது தகவல் இருந்தால் அதை மெட்ரோபாலிட்டன் போலீஸுக்கு அனுப்புங்கள், 2011இலிருந்து இந்த வழக்கைப் பார்க்க அங்கே ஆபரேஷன் கிரேஞ்ச் என்று ஒரு தனிக் குழு இருக்கிறது.