முறிந்த பாதம் நோகவில்லை, ஆனால் சுடுகிறது

அம்மா, கத்தரிக்காய் சாப்பிடலாமா, எக்ஸ்ரேயில் இன்னும் கோடு தெரிகிறதே, கல்சியம் குளிசை எத்தனை நாளைக்கு, எண்ணெய் போட்டு உருவலாமா, கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா என்று உங்கள் கடிதத்தில் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் வாசித்தேன். ஆனால் நான் நின்றுவிட்டது நீங்கள் கேள்வியாகவே கேட்காத ஒரு வரியில். "பிளாஸ்டர் வெட்டி இரண்டு கிழமையாகிறது. கால் வீங்கிக் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் நோவு துளிகூட இல்லை, அதனால் வீட்டு வேலையெல்லாம் செய்யத் தொடங்கிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு வருடமாகச் சீனி வருத்தம் என்றும், செருப்பு காலிலிருந்து கழன்று போனாலும் தெரிவதில்லை என்றும் வேறோர் இடத்தில் இருக்கிறது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இதை வாசித்த நேரத்திலிருந்து அந்தக் காலை ஊன்ற வேண்டாம். அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் நாளைக்கே ஒரு ஓட்டோ பிடித்து, பிளாஸ்டர் போட்ட அதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் எலும்பு. அக்காவின் அந்தியேட்டிச் சடங்குக்குக் கன்னியாவுக்குப் போன இடத்தில், ஈரப் படியில் பாதம் உட்பக்கம் மடங்கி விழுந்திருக்கிறீர்கள். சின்னவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடியில், பாதத்தின் வெளி ஓரத்தில் முறிவு என்று கிளினிக் துண்டில் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். பாதத்தில் அடிக்கடி முறிகிற இடங்களில் இதுவும் ஒன்று. பாதம் மடங்கும்போது அங்கே ஒட்டியிருக்கும் தசைநார் எலும்பின் நுனியை இழுத்துப் பிய்த்துவிடும். பெரும்பாலும் சத்திரசிகிச்சை எதுவும் இல்லாமல் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் சேர்ந்துவிடுகிற முறிவு இது.

லண்டனில் இருக்கும் மகன் அனுப்பிய வீடியோவில் "ஜோன்ஸ் முறிவு சேராது, ஸ்குரூ போட வேண்டும்" என்று சொன்னார்களாம். அது அதே எலும்பில் இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் விழும் முறிவு. சேர் ராபர்ட் ஜோன்ஸ் என்ற வைத்தியர் நடனமாடும்போது தன் பாதத்திலேயே அது முறிந்ததை 1902இல் எழுதியதால் அந்தப் பெயர் வந்தது. அது சேர நாளெடுக்கும் என்பது உண்மை. உங்கள் துண்டில் எழுதியிருப்பதோ நுனி பிய்ந்த முறிவு. இரண்டும் ஒரு விரலகலத்துக்குள் வருவதால் வீடியோ பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். உங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்காத ஒருவர் உங்கள் எலும்புக்குத் தீர்ப்புச் சொல்வதை மகன் உங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

எக்ஸ்ரேயில் கோடு தெரிவதற்கும் பயப்பட வேண்டியதில்லை. எலும்பு பிடித்த பிறகும் படத்தில் அந்தக் கோடு மாதக்கணக்கில் நிற்கும். நாங்கள் படத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. முறிந்த இடத்தை விரலால் அழுத்துவோம். நோகவில்லை என்றால் சேர்ந்துவிட்டது என்று நடக்க விடுவோம். உங்கள் விஷயத்தில் சிக்கல் வருவது இங்கேதான். உணர்ச்சி குறைந்த பாதத்தில் அந்தச் சோதனை செல்லாது. அழுத்தினாலும் நோகாது, முறிந்த எலும்பில் நடந்தாலும் நோகாது. நோவு இல்லாதது குணமானதற்கு அடையாளம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். மரத்துப்போன பாதத்தில் அதை அப்படி எடுக்க முடியாது.

இனி, நீங்கள் நேராகக் கேட்காத விஷயம். "அக்காவுக்கும் இப்படித்தான் வீக்கத்தில் தொடங்கியது" என்று எழுதி, அடுத்த வரியிலேயே கத்தரிக்காய்க்குப் போய்விட்டீர்கள். அக்காவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்ததையும், அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை என்பதையும் கடிதத்தின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறீர்கள். எனக்கும் காலை எடுத்துவிடுவார்களோ என்பதுதான் உங்கள் பயம். அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். பாதத்தில் ஒரு சின்ன எலும்பு முறிந்ததற்காக யாரும் காலை எடுப்பதில்லை. நீங்கள் எழுதியபடி, அக்காவுக்கு விரலுக்கடியில் ஆணி கீறிய காயம் பல நாள் யாருக்கும் தெரியாமல் புழுத்திருக்கிறது. சீனி வருத்தக்காரரின் காலைக் கொண்டுபோவது அப்படிக் கவனிக்காத காயமும், அதில் ஏறும் கிருமியும், அடைபட்ட இரத்தக் குழாயும்தான். உங்கள் பாதத்தில் காயம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நல்ல செய்தியாகவே எடுக்கிறேன்.

ஆனால் முறிந்த எலும்புக்கும் அப்படியான காயத்துக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நான் உங்களை ஆஸ்பத்திரிக்குத் துரத்துவது அதனால்தான்.

அதற்கு ஷார்கோ பாதம் என்று பெயர். பிரெஞ்சு வைத்தியர் ஷார்கோ, நரம்பு கெட்டவர்களின் மூட்டுகள் இப்படிச் சிதைவதை 1868இல் விளக்கினார். நீரிழிவிலும் இது வரும் என்று 1936இல் தெரியவந்தது. பல வருடம் கூடிய சீனியால் பாதத்து நரம்புகள் செத்துப்போகும். அந்த நேரத்தில் ஒரு அடியோ, சுளுக்கோ, முறிவோ வந்தால், நோவு தெரியாததால் ஆள் அதே காலில் நடந்துகொண்டே இருப்பார். உள்ளே அழற்சி அடங்காமல் பாதம் சிவந்து, வீங்கி, சுடும். அந்த அழற்சியில் எலும்புகள் மென்மையாகி, ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கும். கவனிக்காமல் விட்டால் பாதத்தின் வளைவு இறங்கி, உள்ளங்கால் நடுவில் தோணியின் அடிபோலப் புடைத்துவிடும். அந்தப் புடைப்பில் புண் வரும். அக்காவுக்கு நடந்தது அந்தப் புண்ணுக்குப் பிறகுதான் வரக்கூடியது. வளைவு இறங்குவதற்கு முன்பே பிடித்துவிட்டால் பாதத்தைக் காப்பாற்றலாம்.

உங்களுக்கு ஷார்கோ பாதம்தான் என்று நான் சொல்லவில்லை. முறிவு ஆறும் காலத்தில் பாதம் கொஞ்சம் சுடுவதும், பின்னேரத்தில் வீங்குவதும் வழக்கம்தான். அந்த வீக்கம் சில மாதம் இருக்கும், இரவு காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் விடிய வற்றியிருக்கும். விடிந்து எழும்பும்போதும் அதே வீக்கமும் அதே சூடும் இருந்தால் அது வேறு கதை.

சூட்டைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் இரண்டு பாதங்களிலும் போர்வை, மேஸ் எதுவும் இல்லாமல் கால் மணி நேரம் இருங்கள். மின்விசிறி ஒரு காலில் மட்டும் படாமல் இருக்கட்டும். பிறகு மகளைத் தன் புறங்கையால் இரண்டு பாதத்தின் மேற்பகுதியிலும் ஒரே இடத்தில் மாறி மாறித் தொடச் சொல்லுங்கள். நீங்களே பார்க்க வேண்டாம், சீனி கைவிரல் நரம்பையும் தொட்டிருக்கலாம். கிளினிக்கில் இதையே கருவியால் அளப்போம். முறிந்த பாதம் மற்றதைவிட 2 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டால் உடனே கவனிப்போம். மகளின் கைக்கே வித்தியாசம் தெரிகிறது என்றால், இல்லை என்று நிரூபிக்கும்வரை ஷார்கோ என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றாலும் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

வெளிநோயாளர் பிரிவில் கூட்டமாக இருக்கும். "கால் வீக்கம்" என்று மட்டும் சொன்னால் குளிசை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். எனவே இப்படிச் சொல்லுங்கள்: "எனக்குச் சீனி வருத்தம், பாதம் மரத்துப்போயிருக்கிறது, ஏழு கிழமைக்கு முன் எலும்பு முறிந்தது, நோவில்லாமல் வீங்கிச் சுடுகிறது, ஷார்கோவா என்று பார்க்க வேண்டும்." கூச்சப்படாதீர்கள். இந்த நோயைக் கிருமித் தொற்று என்றும், வாதம் என்றும், வெறும் சுளுக்கு என்றும் வைத்தியர்களே முதலில் நினைத்துவிடுவதுண்டு. தொடக்கத்தில் எக்ஸ்ரேகூடச் சுத்தமாக இருக்கலாம், அப்போது எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். மெல்லிய நைலோன் இழை ஒன்றை, அது வளையும்வரை உள்ளங்காலில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொட்டது என்று சொல்லச் சொல்வார்கள். உங்கள் பாதத்தில் எவ்வளவு உணர்ச்சி மிச்சம் இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

ஷார்கோதான் என்றால் திரும்பவும் பிளாஸ்டர் போடுவார்கள், முழங்கால்வரை. சூடு அடங்கும்வரை, அதாவது சில மாதங்கள், அது இருக்கும். உங்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அதுதான் இதற்கு மருந்து. கழற்றிப் போடுகிற பூட்ஸ் கேட்டு வாங்க வேண்டாம். கழற்ற முடிந்தால் குசினிக்குள் போகும்போது கழற்றுவீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அந்தக் காலத்தில் பாரமெல்லாம் நல்ல காலில் விழும் என்பதால், அதையும் நாள்தோறும் தொட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்பே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலைமைகளும் உண்டு. காய்ச்சல், தோலில் வெடிப்பு, நீர் அல்லது சீழ், கெட்ட மணம், விரல் கறுப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், இரவு என்றாலும் போக வேண்டும். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்.

பாமசியில் வாங்கி விழுங்குகிற டைக்குளோபினாக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். நோவே இல்லை என்கிறீர்கள், பிறகு நோக்குளிசை எதற்கு? "வீக்கம் வற்றும்" என்று கவுண்டரில் நிற்கிற பெடியன் சொன்னாராம். பதினான்கு வருடச் சீனி உங்கள் சிறுநீரகத்தை ஏற்கனவே தொட்டிருக்கலாம், இந்தக் குளிசை அதன்மேல் ஏறி மிதிக்கும். வீட்டில் மிச்சமிருந்த அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லிக் குளிசையையும் மூன்று நாள் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தொற்று இல்லாத காலுக்கு அது வீண். தொற்று இருந்தால் மூன்று நாள் அரைகுறையாகப் போடுவது அதைவிட மோசம். இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது, அம்மா. பாதத்தைத் தொட்டுப் பார்க்காத எவரும் அந்தப் பாதத்துக்கு மருந்து தரக்கூடாது.

எண்ணெய் போட்டு உருவுகிற நாட்டு முறிவு வைத்தியரிடம் இப்போது போக வேண்டாம். அவர் உருவுகிற கைக்குக் கீழே எலும்பு நெரிந்தாலும் உங்களுக்குத் தெரியாது, இறுக்கிக் கட்டிய துணி தோலை வெட்டினாலும் தெரியாது. வெந்நீர் ஒத்தடமும் கூடாது. கன்னியாவின் ஏழு கிணறும் ஏழு சூடு என்பது உங்களுக்குத் தெரியும். எந்தக் கிணறு எவ்வளவு சூடு என்று உங்கள் பாதம் சொல்லாது. முறிந்த எலும்பை ஒட்டவைக்கும் சக்தி அந்தத் தண்ணீருக்கு இல்லை. வழுக்கி விழுந்த அதே படிக்கு ஒற்றைக் காலோடு திரும்பப் போவதும் நல்லதல்ல.

சாப்பாடு. கத்தரிக்காய், தக்காளி, இறால், நண்டு எதுவும் எலும்பைப் பிரிக்காது. "கிரந்தி" என்று மச்சாள் மீனை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கள். முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலியிலும் சூடையிலும் கல்சியமும் புரதமும் இருக்கின்றன. கல்சியம் குளிசையை எழுதித் தந்தபடி போட்டு முடித்தால் போதும், கூட்டிப் போட்டால் எலும்பு வேகமாகச் சேராது. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் மோல்ட் மாவைச் சீனி போட்டுக் குடிப்பதை மட்டும் விடுங்கள். எலும்பு சேருவதைத் தாமதப்படுத்துவதில் கூடிய சீனிக்கு முக்கிய பங்கு உண்டு. நாளைக்குப் போகும்போது மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போவதைப் பற்றி. வைத்தியர் நடக்கலாம் என்று சொல்லும்வரை வேண்டாம். சொன்ன பிறகும் வெறுங்காலோடு வெயிலில் காய்ந்த கல்லில் நிற்கக்கூடாது. உணர்ச்சியில்லாத உள்ளங்கால் அந்தக் கல்லில் கொப்பளித்து வந்து, அடுத்த நாள் மேஸ் ஈரமாவதைக் கண்டுதான் தெரிந்தது என்று என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். கல் சுடுமுன் விடியப் பூசைக்குப் போங்கள், வாகனத்தில் எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு கிட்டப் போய் இறங்குங்கள், தடித்த மேஸ் போட்டுக்கொண்டு உள்ளே வரலாமா என்று ஐயரிடம் கேளுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும், பின்வார் உள்ள செருப்பாக. இரப்பர் செருப்பை இனி விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை போடுமுன்னும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஒருவர் செருப்பைத் துளைத்துக்கொண்டு நின்ற ஆணியோடு என் அறைக்குள் நடந்து வந்தார். நான் செருப்பைக் கழற்றச் சொல்லும்வரை அவருக்கு அது தெரியாது.

இப்போதைக்குக் கட்டிலில் இருந்தபடி, முறிந்த காலைத் தலையணைமேல் வையுங்கள். கழிவறைக்குப் போக மகளின் தோளையோ ஊன்றுகோலையோ பிடியுங்கள். பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, போடுகிற குளிசைகளின் மட்டைகள், பாமசியில் வாங்கியது உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நாளைக்குக் கொண்டு போங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.