வாசகர் கேள்வி - சிஸ்டர் பதில்: நர்ஸ் ஏன் திரையையே பார்க்கிறார்?

(பதில் சொல்பவர் 19 ஆண்டுகள் வார்டில் நர்சாக இருந்தவர். இப்போது ஒரு மருத்துவமனையின் மின்னணுப் பதிவுப் பிரிவில் பணிபுரிகிறார்.)

கேள்வி: என் அம்மா இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தார். நர்ஸ் வரும்போதெல்லாம் சக்கரம் வைத்த கம்ப்யூட்டரைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததைவிடத் திரையைப் பார்த்ததுதான் அதிகம். மூன்றாம் நாளும் மாத்திரை கொடுக்கும் முன் பெயரைக் கேட்டு, கைப்பட்டையை ஸ்கேன் செய்தார். இதெல்லாம் நோயாளிக்காகவா, கணக்குக்காகவா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, அம்மா. பேசாமல் தட்டச்சு செய்துவிட்டுப் போகும் நர்சைப் பார்த்தால் எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் திரை இல்லாத காலத்தில் வேலை பார்த்தவள் நான். அப்போது நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நைட் டியூட்டி. வார்டு நிறைய நோயாளிகள். பல்ஸ், பிபி எல்லாம் பார்த்து உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொள்வோம். விடியற்காலை கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து கேஸ் ஷீட்டில் ஏற்றுவோம். அன்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு நாளான ஒருவர் இருந்தார். மூச்சு நிமிடத்துக்கு 22. ஆக்ஸிஜன் 95. பல்ஸ் 104. மேல் பிபி 108. காய்ச்சல் 38.3 டிகிரி செல்சியஸ். நன்றாகப் பேசினார், தண்ணீர் கேட்டார். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாகப் பார்த்தால் ‘சரி, கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய’ என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காலை 5 மணிக்கு அவற்றை ஒரே தாளில் வரிசையாக எழுதியபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. கிருமித்தொற்று ரத்தத்தில் பரவத் தொடங்கியிருந்தது. ஐசியூவுக்கு மாற்றினோம், பிழைத்துக்கொண்டார். ஆனாலும் தாளில் ஏற்றாமல் விட்ட அந்த நாலு மணி நேரத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இன்றைக்கு அதே ஐந்து எண்களைப் படுக்கைப் பக்கத்திலேயே பதிந்தால் என்ன நடக்கும்? பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு 22 என்றால் 2 மதிப்பெண், மற்ற நான்குக்கும் தலா 1. மொத்தம் 6. அந்த முறைப்படி 5 வந்தாலே டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் அந்தக் கூட்டலை நொடியில் போட்டு, திரையில் நிறம் மாற்றிக் காட்டிவிடும். நர்ஸ் என் மாதிரி உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. பார்த்த உடனே, பார்த்த இடத்திலேயே பதிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சக்கர வண்டி உங்கள் அம்மாவின் படுக்கை வரை வருகிறது.

பெயர் கேட்பதும் ஸ்கேன் செய்வதும் மருந்து ஆள் மாறிப் போகாமல் இருப்பதற்காக. இந்த யோசனையே ஒரு நர்சுடையது. அமெரிக்காவில், கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் சூ கின்னிக் என்று ஒரு நர்ஸ் இருந்தார். 1992-ல் அவர் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ஊழியர் கையடக்கக் கருவியால் காரின் பார்கோடை ஸ்கேன் செய்வதைப் பார்த்தார். காருக்கு முடிகிறது, மருந்துக்கு முடியாதா என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய மருத்துவமனையில் தொடங்கி, பிறகு முன்னாள் படைவீரர் துறையின் எல்லா மருத்துவமனைகளுக்கும் போனது. அதே 1992-ல்தான் அமெரிக்க நர்சுகள் சங்கம் நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸை, அதாவது நர்சிங் வேலையில் தகவல்களையும் கம்ப்யூட்டரையும் கையாளும் துறையை, தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது. பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. பார்கோடு வருவதற்கு முன், மருந்து கொடுப்பதில் நேரம் தவறிக் கொடுத்ததைச் சேர்க்காமலே 11.5 சதவீதம் பிழை. வந்த பிறகு 6.8 சதவீதம். மூன்றாம் நாளும் பெயர் கேட்டாரே, அந்த நர்ஸ் நல்ல நர்ஸ்.

கணக்குக்காகவா என்று கேட்டீர்கள். திரையில் நிரப்பும் சில கட்டங்கள் ஆமாம், கணக்குக்காகத்தான். அவை நர்சின் நேரத்தைத் தின்கின்றன. என் இப்போதைய வேலையில் பாதி, அவற்றைக் குறைக்கச் சொல்லிப் போராடுவது. எங்கள் அட்மிஷன் படிவத்தில் ஒவ்வாமை பற்றி மூன்று இடத்தில் கேட்டிருந்தார்கள். ஒரு முழு ஷிஃப்ட் ஒரு நர்சின் பின்னாலேயே நடந்து பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. இப்போது ஒரே இடம். அங்கே பதிந்தால் டாக்டருக்கும் மருந்தகத்துக்கும் போய்விடும்.

அடுத்த முறை நர்சிடம் “சிஸ்டர், திரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள், நாங்களும் பார்க்கிறோம்” என்று கேளுங்கள். ஒவ்வாமையும் வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளும் சரியாக ஏறியிருக்கிறதா என்று நீங்களே சொல்லலாம். அப்புறம் பாருங்கள், பேச்சு தானாக வரும்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, சிஸ்டர். நோயாளிகளின் பார்கோடு ஸ்டிக்கர்களை எடுத்து டிராலியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். கைப்பட்டை ஸ்கேன் ஆகாவிட்டால் அதை ஸ்கேன் செய்துகொள் என்கிறார்கள் சீனியர்கள். எல்லோரும் செய்வதுதானே?

பதில்: வேண்டாம் தங்கச்சி. டிராலியில் இருக்கும் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால், நீ எந்தப் படுக்கைப் பக்கத்தில் நின்றாலும் கம்ப்யூட்டர் ‘சரியான நோயாளி’ என்றுதான் சொல்லும். தடுப்பதற்காக வைத்த பூட்டை நாமே திறந்து வைப்பது மாதிரி. இரண்டு பேருக்குத் தொடர்ந்து மருந்து கொடுக்கும்போது மாறினால் யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் எல்லாம் பச்சையாக இருக்கும்.

உன் சீனியர்களைக் குறை சொல்லவில்லை. 2008-ல் வெளியான ஓர் ஆய்வு, பல மருத்துவமனைகளைப் பார்த்து, இப்படிக் குறுக்கு வழியில் போகும் 15 விதங்களைப் பட்டியல் போட்டது. அவற்றுக்கு 31 காரணங்களையும் சொன்னது. ஈரத்தில் ஊறிய கைப்பட்டை, கசங்கிய மருந்து லேபிள், சார்ஜ் போன கருவி, சிக்னல் கிடைக்காத மூலை. பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவைதான். அதனால் ஸ்கேன் ஆகாத ஒவ்வொரு முறையும் படுக்கை எண், நேரம், என்ன தடங்கல் என்று மூன்றே சொல்லில் எழுதி வை. புதுக் கைப்பட்டை கேட்டு வாங்கு. ஒரு வாரக் குறிப்பை உங்கள் பதிவுப் பிரிவிடம் கொடு. எனக்கு அப்படி ஒரு பெண் கொடுத்த தாளில் பதினொரு தடங்கல்கள் இருந்தன. ஏழு ஒரே அறையில். அங்கே சிக்னல் பெட்டி பழுதாகிக் கிடந்தது, யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை.

கேள்வி: திடீரென்று கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?

பதில்: நின்றுபோகும். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற கம்ப்யூட்டர் வைரஸ் தாக்கியபோது பிரிட்டனில் பல மருத்துவமனைகள் காகிதத்துக்குத் திரும்பின, அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன. அதனால் எங்கள் ஒவ்வொரு வார்டிலும் ஒரு சிவப்பு ஃபைல் உண்டு. வெற்று மருந்துச் சார்ட், பல்ஸ்-பிபி தாள் எல்லாம் அதில் இருக்கும். ஒரு கம்ப்யூட்டர் மட்டும் அன்றைய மருந்துப் பட்டியலைத் தனியாகச் சேமித்து வைத்திருக்கும். சிஸ்டம் திரும்பி வந்ததும் எழுதியதை ஏற்ற வேண்டும். அப்போது ஏற்றும் நேரத்தைப் போடக் கூடாது, மருந்து கொடுத்த நேரத்தைப் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் அடுத்த டோஸைத் தப்பான நேரத்தில் கொடுத்துவிடுவார். மாதம் ஒரு முறை அந்த ஃபைல்களைத் திறந்து பார்க்கிறேன். போன மாதம் ஒரு வார்டில் பல்ஸ்-பிபி தாள் தீர்ந்திருந்தது. அன்றே அச்செடுத்து வைத்துவிட்டேன்.