அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே இருந்த பேட்டி மில்ஸை ஆஸ்திரேலியர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

முதலில் ஒரு சங்கடம். 'பேட்டி மில்ஸ்' என்று தமிழில் எழுதினால் யாரோ மில் முதலாளியைப் பேட்டி எடுத்த மாதிரி இருக்கிறது. அதனால் வெறும் மில்ஸ் என்றே எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவர் போட்ட கணக்கில் தப்பில்லை. 2009-ல் உள்ளே போனவர், பதினைந்து வருடத்துக்கு மேல் அங்கே தாக்குப்பிடித்தவர், ஆனால் எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் ஒரு ஆட்டத்துக்குப் பத்து பாயின்ட்கூட வராது. லீக்கின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானதில்லை. ஒரு சீசன் முழுக்க முதல் ஐந்து பேரில் ஒருவராக இறங்கியதும் இல்லை. என்பிஏ புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தால் 'நல்ல பெஞ்ச் பிளேயர்' என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடலாம்.

ஆனால் அதே ஆள் ஆஸ்திரேலியாவின் பச்சை-தங்க நிறச் சட்டையைப் போட்டால் கதையே வேறு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் லெப்ரான், டுரான்ட், கோபி என்று அமெரிக்க நட்சத்திரங்கள் எல்லோரும் ஆடினார்கள். அதில் ஆட்டத்துக்கு 21.2 பாயின்ட் என்று சராசரியில் எல்லோருக்கும் மேலே இருந்தது மில்ஸ். அந்தத் தொடரில் ரஷ்யாவுக்கு எதிராகக் கடைசி மணி அடிக்கும்போது ஒரு த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று பாயின்ட் ஷாட்) போட்டு 82-80 என்று ஜெயித்துக் கொடுத்தார். அதற்கு முந்தைய பெய்ஜிங் ஒலிம்பிக் காலிறுதியில், இருபது வயது நிறைந்து பத்து நாள்கூட ஆகாத பையன், அமெரிக்காவுக்கு எதிராக 20 பாயின்ட் எடுத்தார். ஆஸ்திரேலியா படுதோல்விதான், ஆனால் 'யார் இந்தப் பொடியன்' என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆறடிச் சொச்சம் உயரம்தான், கூடைப்பந்தில் அது பொடியன் கணக்கில்தான் வரும்.

கொண்டாட்டத்துக்கு இன்னொரு காரணம் அவர் எங்கிருந்து வந்தார் என்பது. பிறந்தது கான்பெராவில், 1988. அப்பா டோரஸ் நீரிணைத் தீவுக்காரர். ஆஸ்திரேலியாவின் வட முனைக்கும் பப்புவா நியூ கினிக்கும் நடுவில் இருக்கும் தீவுகள் அவை. அம்மா தெற்கு ஆஸ்திரேலியப் பழங்குடியினர். குழந்தையாக இருந்தபோதே அரசாங்கத்தால் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அந்த அம்மா. இருவரும் சேர்ந்து பழங்குடிப் பிள்ளைகளுக்காக கான்பெராவில் ஷேடோஸ் என்று ஒரு கூடைப்பந்து கிளப் நடத்தினார்கள், மில்ஸ் பந்தைத் தொட்டது அங்கேதான். உறவுக்காரர் டேனி மோர்சு 1980, 1984 ஒலிம்பிக்குகளில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர், ஆக வீட்டுக்கு ஒலிம்பிக் புதிதில்லை. அப்புறம் அரசு விளையாட்டுப் பயிற்சி நிறுவனம், கலிபோர்னியாவில் செயின்ட் மேரீஸ் கல்லூரி, என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2009 டிராஃப்டில் 55-வது ஆளாக போர்ட்லாந்து அணி. மொத்தமே அறுபது பேரைத்தான் எடுப்பார்கள், அதில் 55. போதாததற்கு ஆட ஆரம்பிக்கும் முன்பே காலில் எலும்பு முறிவு.

போர்ட்லாந்து காலத்தைத் தாண்டிப் போய்விடலாம், பெரிதாக ஒன்றுமில்லை. 2011-ல் என்பிஏ-வில் கதவடைப்பு வந்தபோது மெல்பர்னிலும் சீனாவிலும் ஆடிவிட்டு, 2012 மார்ச்சில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கு வந்து சேர்ந்தார். அங்கே அதே இடத்தில் ஆடும் நட்சத்திரம் டோனி பார்க்கர் இருக்கும்போது இவருக்கு என்ன வேலை? துண்டு சுற்றும் வேலை. கேலிக்குச் சொல்லவில்லை, பெஞ்சில் நின்று வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி ஆரவாரம் செய்தே அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போனவர். இவருக்கு உடம்பு கூடிவிட்டது என்று கோச் பாப்போவிச் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். 2013 கோடையில் மனிதர் உடம்பை இறக்கி வந்தார், அடுத்த சீசனில் 81 ஆட்டங்கள், சராசரி 10.2.

இப்போது 2014-க்கு வருகிறேன், எனக்கு இவரைப் பிடித்துப்போனது அந்த வருடம்தான். மியாமியோடு என்பிஏ ஃபைனல்ஸ் ஜூன் 5-ம் தேதி தொடங்க வேண்டும். இரண்டு நாள் முன்னால், ஜூன் 3 அன்று, ஆட்டத் திட்டம் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் பாப்போவிச் அணிக்கு எடி மாபோவைப் பற்றி எடுத்துச் சொல்கிறார். ஆஸ்திரேலியா 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்ற பொய்யை எதிர்த்து வழக்கு நடத்திய டோரஸ் நீரிணைத் தீவுக்காரர் மாபோ. உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1992 ஜூன் 3. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை, சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். அந்த மாபோ, மில்ஸுக்கு உறவுமுறையில் தாத்தா. பிரெஞ்சுக்காரர், அர்ஜென்டினாக்காரர், பிரேசில்காரர் என்று கலவையாக இருந்த ஒரு அணி, சாம்பியன்ஷிப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது உட்கார்ந்து பழங்குடி நில உரிமை பற்றிப் பாடம் கேட்கிறது. இன்னொரு கோச் இதைச் செய்வாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அந்த ஃபைனல்ஸின் ஐந்தாவது ஆட்டத்தில் ஸ்பர்ஸ் ஆரம்பத்திலேயே 6-22 என்று பின்தங்கியது. பிறகு மீண்டு வந்தது, மூன்றாவது கால் பகுதியில் மில்ஸ் மட்டும் 14 பாயின்ட், பெரும்பாலும் த்ரீ. மொத்தம் 17. மியாமி அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. கோப்பையோடு நின்றபோது தோளில் டோரஸ் நீரிணைத் தீவுகளின் கொடி. துண்டு சுற்றிக்கொண்டிருந்த ஆள்!

சரி, ஒலிம்பிக். ஆஸ்திரேலிய ஆண்கள் அணிக்கு ஒரு சாபம் இருந்தது. 1988, 1996, 2000 மூன்றிலும் நான்காம் இடம். 2016 ரியோவில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஸ்பெயினிடம் ஒரே ஒரு பாயின்டில், 88-89. கடைசி நொடிகளில் ஒரு ஃபவுல் விசில், அது மில்ஸ் மேல். அதற்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (யாரும் தடுக்காமல் எறியும் ஒரு பாயின்ட் ஷாட்) ஸ்பெயின்காரர் போட்டுவிட்டார். அந்த விசில் அநியாயம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், அதில் நான் நடுநிலையாக இருக்கப் போவதில்லை.

2019 உலகக் கோப்பைக்கு முன்னால் மெல்பர்னில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடிய ஆட்டத்தில் அமெரிக்காவை முதல் முறையாக வீழ்த்தினார்கள், 98-94, மில்ஸ் 30. இந்தத் தடவை நிச்சயம் என்று நினைத்தோம். அரையிறுதி, மறுபடியும் ஸ்பெயின். சில நொடிகள் இருக்கும்போது மில்ஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்றுதான் விழுந்தது. 71-71. இரண்டு முறை கூடுதல் நேரம் போய்த் தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தது 34, ஆனால் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது விழாத அந்த ஒன்று. பிறகு வெண்கல ஆட்டத்திலும் பிரான்ஸிடம் தோல்வி, மறுபடி நான்காம் இடம்.

இந்தப் பின்னணியோடு டோக்கியோவைப் பாருங்கள். தொடக்க விழாவில் நீச்சல் வீராங்கனை கேட் கேம்பெல்லோடு சேர்ந்து கொடி பிடித்தார், ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆஸ்திரேலியக் கொடி ஏந்திய முதல் பழங்குடியினர். 2021 ஆகஸ்ட் 7, வெண்கல ஆட்டம், எதிரே என்பிஏ நட்சத்திரம் டான்சிச்சின் ஸ்லோவேனியா. நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தேதி வேறு காரணத்துக்காக மறக்காது, நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்த மாலை அது. வீட்டு டிவியில் ஈட்டி, என் கையில் போனில் கூடைப்பந்து. நீரஜின் இரண்டாவது எறிதலுக்கு வீடே கத்தியது, நான் மட்டும் அரை நிமிடம் கழித்து தனியாக வேறு எதற்கோ கத்தினேன். அம்மா திரும்பிப் பார்த்து "உனக்கு யாருடா தங்கம் குடுத்தா?" என்றார். தங்கம் இல்லை அம்மா, வெண்கலம். 107-93. மில்ஸ் 42 பாயின்ட், 9 அசிஸ்ட். முடிந்ததும் அவரும் சக ஆட்டக்காரர் ஜோ இங்கிள்ஸும் கட்டிப்பிடித்து நின்றதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் 2008-லிருந்து சேர்ந்து தோற்றவர்கள்.

களத்துக்கு வெளியிலும் ஒன்று சொல்ல வேண்டும். 2020-ல் கொரோனாவுக்குப் பிறகு ஆர்லாண்டோவில் என்பிஏ மீண்டும் தொடங்கியபோது, நிறவெறி எதிர்ப்புப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த நேரம், ஆடலாமா வேண்டாமா என்றே வீரர்களிடையே வாக்குவாதம். மில்ஸ் ஆடினார். அந்த ஆட்டங்களுக்கான சம்பளம் பத்து லட்சம் டாலருக்கு மேல், அது முழுவதையும் ஆஸ்திரேலியாவில் கறுப்பின மக்களுக்காகவும் காவலில் நடக்கும் மரணங்களுக்கு எதிராகவும் இயங்கும் அமைப்புகளுக்குக் கொடுத்துவிட்டார். பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கூடைப்பந்து அமைப்பையும் தொடங்கினார், அப்பா அம்மா கான்பெராவில் செய்ததன் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பர்ஸை விட்ட பிறகு புரூக்ளின், அட்லாண்டா, மியாமி, யூட்டா, கிளிப்பர்ஸ் என்று மூட்டை தூக்கிக்கொண்டே இருந்தார். 2023-ல் ஒரே கோடையில் அவரைக் கை மாற்றி மாற்றி விட்டதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. ஆனால் 2024-ல் ஐந்தாவது ஒலிம்பிக்குக்கு பாரிஸ் வந்தார், காலிறுதியில் செர்பியாவுக்கு எதிராக 24 பாயின்ட் முன்னணியை அணி தொலைத்துவிட்டு நின்றபோது, கடைசி நொடிகளில் சமன் செய்த ஷாட் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? முப்பத்தாறு வயதுக்கு ஐந்து நாள் குறைவு. கூடுதல் நேரத்தில் 90-95 என்று தோற்றார்கள், அது தனி வயிற்றெரிச்சல்.

நேரம் இருந்தால் டோக்கியோ வெண்கல ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். இல்லையென்றால் 2014 ஐந்தாவது ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதி மட்டும், பன்னிரண்டே நிமிடம்.