மெனு அனுப்பும் முன் உங்கள் அடுப்படியை விசாரித்தார்களா?

கேள்வி: எனக்கு 11 வயதில் பெண், 7 வயதில் பையன். பையன் காய் என்றாலே தட்டைத் தள்ளிவிடுகிறான். பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். குடும்பத்துக்கான ஆரோக்கிய உணவு என்று ஆன்லைனில் 3 மாத வகுப்பு நடத்துகிறார்கள். கட்டணம் 9,000 ரூபாய். அவர்களிடமே புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டுமாம். பெண்ணின் எடையை வாரா வாரம் வாட்ஸ்ஆப் குழுவில் போட வேண்டுமாம். மாதிரி மெனுவை இணைத்திருக்கிறேன். சேரட்டுமா?

– வாசகி, ஈரோடு

பதில்: மெனுவைப் பார்த்தேன். திங்கள் காலை அவகாடோ டோஸ்ட், புதன் இரவு கினோவா கிச்சடி. கொள்ளும் கம்பும் நிலக்கடலையும் விளைகிற ஊரில் இருந்துகொண்டு கினோவாவைத் தேடி அலைவானேன்? அரிசியும்பருப்பு சாதத்தில் பருப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, பக்கத்தில் ஒரு கீரைக் கடைசல் வையுங்கள். அதுவே நல்ல இரவுச் சாப்பாடு.

ஆன்லைன் என்பதற்காக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் வீடியோவில் ஆலோசனை சொல்கிறவள்தான். கிளினிக்குக்கு வருபவர்கள் "வீட்டுச் சாப்பாடுதான் மேடம்" என்று முடித்துவிடுவார்கள். வீடியோவில் அப்படி முடியாது. முதல் நாளே கேமராவை மளிகை அலமாரிப் பக்கம் திருப்பச் சொல்வேன். பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் சத்துமாவு என்ற பெயரில் சர்க்கரை டப்பா ஒன்று நிற்கும், மேல் தட்டில் அப்பாவின் மிக்சர் பாக்கெட் இருக்கும். அப்புறம்தான் பேச்சே. அலமாரியைப் பார்க்காமல், மூன்று நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதி வாங்காமல், சமைப்பது நீங்களா மாமியாரா என்றுகூடக் கேட்காமல் வருகிற மெனு எல்லா வீட்டுக்கும் போகிற அதே மெனுதான்.

பவுடர் விற்பவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியே உடம்பை ஏற்றுவதற்கான புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கச் சொல்கிறது. அந்த வழிகாட்டி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு நாள் சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் சக்தியில் (கலோரியில்) தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். நம் தட்டில் சோறு மலையாகவும் காய் ஒரு ஓரமாகவும் கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எடையைக் குழுவில் போடச் சொன்னார்கள் பாருங்கள், எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். பருவமடையும் வயதை ஒட்டிப் பெண் குழந்தைகள் சதை போடுவது சகஜம். எடையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. உயரத்தையும் எடையையும் வயதுக்கான வளர்ச்சி அட்டவணையில் குறித்துப் பார்க்க வேண்டும். அது உங்கள் குழந்தை மருத்துவர் ஐந்து நிமிடத்தில் செய்கிற வேலை. ஊரார் பார்க்க எடை போட்டால், பிள்ளை ஒளித்துச் சாப்பிடத்தான் பழகும்.

பையன் விஷயம் எளிது, பொறுமைதான் வேண்டும். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவன் இஷ்டம். தட்டில் ஒரு ஸ்பூன் பொரியல் வையுங்கள். தொடாவிட்டால் திட்ட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். நாளை மறுநாள் மறுபடி வையுங்கள். பத்துப் பதினைந்து தடவை பார்த்த பிறகே சில பிள்ளைகள் வாயில் வைக்கும். ஆனால் ஆறரை மணிக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு எட்டு மணிக்கு அவரைக்காய் சாப்பிடு என்றால் எவன் சாப்பிடுவான்? மாலைக்கு அவித்த கடலையோ ஒரு கொய்யாவோ, அதுவும் ஐந்து மணிக்குள்.

பவுடர் கிடையாது, எடை குழுவுக்கு வராது, உங்கள் கணவரும் வகுப்பில் உட்காருவார் என்ற மூன்றுக்கும் சம்மதித்தால் சேருங்கள். மறுத்தால் 9,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மகளை மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் குறித்துத் தரும் உயரம், எடையோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அவளுக்கு இரும்புச்சத்து போதுமா என்பதை அப்போது பார்ப்போம்.