நெடுந்தீவில் ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் போய்வர முடியுமா?

முடியும். பலர் அப்படித்தான் போய்வருகிறார்கள். ஆயினும் நான் அந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவன் என்பதால், இந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் எழுதிவிட்டுப் போக என்னால் இயலவில்லை. உங்களுக்கு இது முதல் நியமனம் என்றும், குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் 776 இலக்கப் பேருந்தில் ஏறினால் பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை தரைவழியே வந்துவிடலாம். அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதன் பின்னர் கடலில் ஏறக்குறைய இன்னொரு மணித்தியாலம். அதே துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகுகள் அடுத்தடுத்து ஓடும், ஏனெனில் அங்குள்ள நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரை என்ற பௌத்த விகாரைக்கும் வருகிற யாத்திரிகர்கள் எந்நாளும் உண்டு. நெடுந்தீவுக்கான படகுகளோ நாளுக்குச் சிலமுறைதான். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் புறப்பட்ட படகும் நேரத்துக்கு வந்து சேரும் என்று சொல்ல முடியாது. கடல் மோசமான நாளில் படகே ஓடாது.

நாளாந்தம் வந்து திரும்புவோரால் தீவில் என்ன நடக்கிறது என்பதை என் தாயாருக்கு நேர்ந்ததை வைத்துச் சொல்கிறேன். காணி ஆவணம் ஒன்றில் ஒரு கையொப்பம் பெறுவதற்காக அவர் தீவிலுள்ள ஓர் அரச அலுவலகத்துக்குப் போனார். எங்கள் வீடு தீவின் மேற்குப் பக்கம். உள்ளூரில் பேருந்து அரிது என்பதால் வெயிலில் நெடுந்தூரம் நடந்தே போயிருக்கிறார். உரிய அலுவலர் வந்த படகு காற்றினால் தாமதித்து மதியத்தை அண்டித்தான் கரை சேர்ந்தது. வரிசையில் பலர் காத்திருந்தார்கள். அம்மாவின் முறை வருவதற்குள் திரும்பும் படகுக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் அலுவலருக்கு யாழ்ப்பாணத்தில் கூட்டம். கடைசியில், தீவு மக்களுக்கென்று தீவிலேயே வைத்திருக்கும் அலுவலகத்தின் கையொப்பத்துக்காக, அறுபது வயதைக் கடந்த அவர் கடல் கடந்து யாழ்ப்பாணம் போய், மாலைப் படகைப் பிடிக்க முடியாமல் உறவினர் வீட்டில் இரவு தங்கி, அடுத்த நாள்தான் வீடு திரும்பினார்.

அரச ஊழியர்களைக் குறை சொல்லுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு, முதிய பெற்றோர் உண்டு. நெடுந்தீவில் தங்குவதற்கு நல்ல விடுதி குறைவு, பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உவர். அப்படியிருந்தும் அங்கேயே தங்கி, மாலையிலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியர்களால்தான் என்னைப் போன்றவர்கள் படித்தோம். நான் சொல்வது இவ்வளவே: ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்பும் தனிப் பிரதேச செயலகமும் உள்ள ஒரு தீவில், காலைப் படகு வந்த பிறகு தொடங்கி மாலைப் படகு போவதற்கு முன் முடிந்துவிடுகிற சேவையை முழுநாட் சேவை என்று கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அந்த இரண்டு படகுகளுக்கும் வெளியே வருகிற நோய்க்கும் பிரசவத்துக்கும் என்ன வழி? அவசர நோயாளியை யாழ். போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டுமென்று மருத்துவர் இரவில் முடிவெடுத்தால், அந்த நேரத்தில் ஒரு படகு கிடைக்க வேண்டும், கடலும் இடம் கொடுக்க வேண்டும். கடற்படைப் படகில் கொண்டுபோய்ப் பிழைத்தவர்கள் பலர். அந்த உதவியை நான் மறுக்கவில்லை. ஆனால் உதவியை நம்பியிருப்பதும் ஒரு சேவையைப் பெற்றிருப்பதும் ஒன்றல்ல.

எங்களுக்குப் படகு எத்தகையது என்பதற்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1985 மே 15 அன்று எங்கள் தீவுக்கு ஓடிய குமுதினி என்ற படகில் பயணம் செய்தவர்களில் குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னரும் பல ஆண்டுகள் எங்கள் மக்கள் அதே குமுதினியில் ஏறித்தான் போய்வந்தார்கள், ஏனென்றால் வேறு வழி இருக்கவில்லை. 2017இல் அவுஸ்திரேலிய உதவியுடன் நெடுந்தாரகை என்ற புதிய படகு வந்தபோது துறையில் நின்றவர்கள் அடைந்த மகிழ்ச்சியை வெளியார் முழுமையாக விளங்கிக்கொள்வது கடினம். ஆனாலும் ஒரு புதிய படகு மட்டும் போதாது. பழுதானால் உடனே இறக்குவதற்கு மாற்றுப் படகும், எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் நிலையான நிதியும் வேண்டும்.

ஆகவே, முடிந்தால் வார நாட்களில் தீவிலேயே தங்குங்கள் என்பதே என் ஆலோசனை. தங்குமிடத்துக்குப் பாடசாலை அதிபரிடம் முதலில் கேளுங்கள். வீடு பார்க்கும்போது குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். தங்க முடியாத நிலை என்றால், சோளகக் காலத்தில் மாற்றுடை ஒன்றையும் வழமையாக எடுக்கும் மருந்துகளையும் பையில் வைத்திருங்கள், ஏனெனில் திரும்பும் படகு ஓடாத நாளும் வரும்.